மஞ்சப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்: இதய மாத்திரையும் கிரீன் டீயும்

பொள்ளாச்சியில் வியாழக்கிழமை சந்தை நாள். மெடிக்கலில் கூட்டம் ஓயவே பதினொரு மணி ஆகிவிடும். அப்படி ஒரு வியாழக்கிழமை, ஆனைமலைப் பக்கமிருந்து மாதாமாதம் வரும் பெரியவர் ஒருவர், கையிலிருந்த மஞ்சப்பையைக் கண்ணாடி மேசைமேல் அப்படியே கவிழ்த்தார்.

"பாருங்க தம்பி. ஒரு வேளை மாத்திரை உட்டதில்லீங். ஐ.என்.ஆர். கொறஞ்சு போச்சுன்னு டாக்டரம்மா சத்தம் போடறாங்க. நான் என்னத்தப் பண்ணுனேன்னு நீங்களே சொல்லுங்."

அவருக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் எப்போதும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மாதம் 1.6. மேசைமேல் விழுந்தவை: அசிட்ரோம் அட்டை இரண்டு, நீர் மாத்திரை அட்டை ஒன்று, விபூதிப் பொட்டலம், பஸ் டிக்கெட், அப்புறம் ஜிப் வைத்த கவரில் பச்சைப் பொடி.

"இதென்னங்க ஐயா?"

"கிரீன் டீத் தூளுங். பெங்களூர்ல இருந்து பாப்பா அனுப்புச்சு. காத்தால ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடிச்சா இருதயத்துக்கு நல்லதாமா."

கவரைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் தேயிலைத் தூள், முருங்கை இலைத் தூள் என்று போட்டிருந்தது. பெரியவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

இதய மாத்திரை புதிதாகத் தொடங்கியிருக்கிறவர்களுக்காகவும், அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகன், மகள், மருமகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

முதல் வேலை: பையைக் கவிழ்ப்பது

பெரியவர் செய்தது சரியான காரியம். வீட்டில் நீங்களும் செய்யுங்கள். உள்ளே போகும் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வையுங்கள். பெரிய டாக்டர் எழுதியது, சர்க்கரைக்கு வேறு டாக்டர் எழுதியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனது, சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணம், கஷாயப் பொடி, சத்துமாவு, மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரை, கிரீன் டீ டப்பா. "அது மருந்தில்லீங்களே" என்று எதையும் ஒதுக்க வேண்டாம். வம்பு பெரும்பாலும் அந்த ஒதுக்கப்பட்டதில்தான் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஈகோஸ்பிரின் என்றால் உள்ளே இருப்பது ஆஸ்பிரின். அசிட்ரோம் என்றால் அசெனோகூமரால். லனாக்சின் என்றால் டிகாக்சின். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தும் வரும். ரோசுவாஸ்டாடினும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே கேப்சூலில் அடைத்து வருவது சாதாரணம். கண் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் மாத்திரை வாங்கிய கடையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் அடுத்த மாதம் வாங்காதீர்கள்.

மாத்திரையைக் கிழிக்கும்போது பெயரும் தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். பெயர் போன அரை அட்டையோடு வந்து "இதே மாதிரி வெள்ளை மாத்திரை குடுங்" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு. வெள்ளை மாத்திரை எங்கள் கடையில் நூறு வகை இருக்கிறது.

டம்ளரில் இருப்பது எந்த கிரீன் டீ?

ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அங்கே பறிக்கும் கொழுந்திலிருந்துதான் டீக்கடைத் தூளும் வருகிறது, கிரீன் டீயும் வருகிறது. செடி ஒன்றேதான், பக்குவம்தான் வேறு. டீத்தூளுக்குக் கொழுந்தை நசுக்கி, காற்றுப் பட வைத்துக் கறுக்க விடுகிறார்கள். அப்போது இலையில் இருக்கும் கேட்டச்சின் என்ற துவர்ப்புச் சத்துகள் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகின்றன. கிரீன் டீக்கு, பறித்த கையோடு ஆவியிலோ சூட்டிலோ காட்டிக் கறுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டச்சின் அப்படியே தங்கிவிடும். இவற்றில் பெரியண்ணன் ஈ.ஜி.சி.ஜி. என்பது. மருந்தோடு மல்லுக்கு நிற்பதிலும் இதற்கே முதலிடம்.

இதனால்தான் "அப்ப நம்ம பால் டீயும் குடிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்பவர்களுக்கு, இங்கே நான் சொல்லும் ஆராய்ச்சிகள் கிரீன் டீயை வைத்துச் செய்தவை என்று பதில் சொல்கிறேன். மாத்திரையை மட்டும் பால் டீயோடும் விழுங்காதீர்கள், தண்ணீரில் விழுங்குங்கள். அது பொது விதி.

கடையில் கிரீன் டீ என்ற பெயரில் விற்பது பல வகை. இலையாக வருவதும் பையில் அடைத்து வருவதும் ஒரு ரகம். இலையில் இருப்பதில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இறங்கும், மிச்சம் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். ஒரு டம்ளரில் ஈ.ஜி.சி.ஜி. ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் கூடும், லேசாக ஆறிய தண்ணீரில் இரண்டு நிமிஷம் நனைத்து எடுத்தால் குறையும்.

இன்னொரு ரகம் பொடி, மாட்சா மாதிரி. இதில் சக்கை என்று எதுவும் மிஞ்சாது, இலை முழுக்க வயிற்றுக்குள் போகிறது. கீரையைக் கடைந்து சாப்பிடுவதற்கும் கீரை வேகவைத்த தண்ணீரைக் குடிப்பதற்கும் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம்.

மூன்றாவது கேப்சூல். உடம்பு இளைக்க என்று விற்கிற இதில் கேட்டச்சினைப் பிழிந்து அடைத்திருப்பார்கள். சில டம்ளர் டீயில் இருப்பது ஒரே விழுங்கில் உள்ளே போய்விடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இதை அலசிப் பார்த்து, மாத்திரை வடிவில் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவதைச் சுட்டிக்காட்டியது. சாதாரண கிரீன் டீயைப் பற்றி அந்த அளவு பயம் இல்லை. இதய நோயாளிக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரையும் சிலருக்குக் கல்லீரல் நொதியை ஏற்றும். ரத்தப் பரிசோதனையில் நொதி ஏறியிருந்தால், கேப்சூல் விஷயம் தெரியாத டாக்டர் தேவையான மாத்திரையை நிறுத்திவிடுவார், காரணமான கேப்சூல் அலமாரியில் பத்திரமாக இருக்கும். என் கருத்து என்னவென்றால், இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கேப்சூல் வேண்டவே வேண்டாம். என் கடையில் கேட்டாலும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

நாலாவது கலப்பு டீ. அதற்குத் தனியாக வருகிறேன், அங்கேதான் எங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது.

மடை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் இல்லை

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்தால் மட்டும் போதாது. குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக வேண்டும். சில மருந்துகள் தாமாகவே ஊறி உள்ளே போய்விடும். சிலவற்றுக்கு மடை வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் மடை திறந்தால்தானே வயலுக்குப் பாயும்? குடல் சுவரில் அப்படிச் சில மடைகள் உண்டு, மருந்தைப் பிடித்து உள்ளே தள்ளும் புரதங்கள். கிரீன் டீயின் கேட்டச்சின் அந்த மடைவாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மருந்து வாய்க்காலோடு ஓடி, கடைசியில் கழிவாக வெளியே போய்விடும்.

இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் நடோலால். இது பீட்டா பிளாக்கர் வகை, ரத்த அழுத்தத்துக்கும் சில துடிப்புக் கோளாறுகளுக்கும் கொடுப்பது. ஜப்பானில் ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆரோக்கியமான பத்துப் பேருக்குப் பதினாலு நாள், நாளுக்கு 700 மில்லி கிரீன் டீ கொடுத்தார்கள். நம் டம்ளர் கணக்கில் நாலரை டம்ளர். பிறகு 30 மில்லிகிராம் நடோலால் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிட 85 சதவீதம் குறைவு. நூறு ரூபாய் மாத்திரையில் பதினைந்து ரூபாய்க்குத்தான் வேலை நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேலையும் மங்கிப்போனது. அதே குழுவினர் பிறகு ஒரே ஒரு டம்ளர், 150 மில்லி கொடுத்துப் பார்த்தபோதும் அளவு நன்றாகவே குறைந்தது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்திருந்தாலும் குறைந்தது. "ஒரு மணி நேரம் விட்டுத்தானுங்க குடிக்கறேன்" என்று சமாதானம் சொல்ல இங்கே இடமில்லை.

நடோலால் நம் பக்கத்தில் அபூர்வம். இங்கே அதிகம் எழுதுவது மெட்டோபுரொலால், பிசோபுரொலால், அட்டனோலால். ஆகவே உங்கள் அட்டையில் நடோலால் என்று இருந்தால் கிரீன் டீயை ஓரங்கட்டிவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். இல்லை என்றால் இந்த 85-ஐப் பார்த்து மிரள வேண்டாம். அட்டனோலால்காரர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் அந்த மாத்திரையும் உடம்பில் ஏறுவது குறையும்.

டிகாக்சின் விஷயத்தில் நிதானமாக இருங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கும் கொடுப்பது இது. "வாரத்துக்கு அஞ்சு நாள், சனி ஞாயிறு வேண்டாம்" என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல் என்பதால் இத்தனை கறார். கேட்டச்சினோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில் டிகாக்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக ஏறியது. வேறு மாத்திரைக்கு இது சமாளிக்கிற அளவு. டிகாக்சினுக்கு இல்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ரோசுவாஸ்டாடினோடு 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. கொடுத்துப் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அட்டர்வாஸ்டாடினும் கிரீன் டீச் சாறோடு ஓரளவு குறைகிறது. இரவு படுக்கும்முன் மாத்திரை, கிரீன் டீ காலையிலோ மாலையிலோ என்று வைத்துக்கொண்டால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ரால் பார்க்கும்போது குறையவே இல்லை என்றால், நீங்கள் டீயோடு விழுங்குகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாடின் என்று முடியும் இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பம்பளிமாஸ் பழம் இதற்கு நேர் எதிர். அது அட்டர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தசைவலி வரலாம்.

இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு இரும்புச் சத்தும் குறைவாக இருக்கும், அதற்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள். எந்த டீயாக இருந்தாலும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். இந்த ஒன்றுக்குப் பால் டீயும் விலக்கல்ல.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை: இங்கே இடைவெளி உதவாது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். மடைக் கதையைக் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிச்சுக்கறேன்" என்பார்கள். வார்ஃபரினுக்கும் அசெனோகூமராலுக்கும் அந்தக் கணக்கு செல்லாது.

இந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. சாப்பாட்டில் வைட்டமின் கே கூடினால் மாத்திரையின் பிடி தளரும், குறைந்தால் பிடி இறுகும். காலையில் சாப்பிட்டீர்களா ராத்திரி சாப்பிட்டீர்களா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாரம் முழுக்க எவ்வளவு போனது என்பதுதான் கணக்கு. இந்த இழுபறி எங்கே நிற்கிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். பலருக்கு இரண்டிலிருந்து மூன்றுக்குள் வைத்திருப்பார்கள், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், மைட்ரல் என்ற இடத்தில், உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் அரை கூட்டி. கீழே இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி, பக்கவாதம். மேலே போனால் ரத்தக்கசிவு.

காய்ந்த தேயிலையில் வைட்டமின் கே நிறையவே இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரைகிற சத்து இல்லை. வடிகட்டிக் குடிக்கும் ஒரு டம்ளரில் இருப்பது மிகக் கொஞ்சம். தினமும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் என்று மாறாமல் குடித்துக்கொண்டிருப்பவர்களின் மாத்திரை அளவு அதற்கேற்பவே அமைந்திருக்கும். அளவு கடந்தால்தான் கதை மாறும். அமெரிக்காவில் உலோக வால்வோடு வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 44 வயதுக்காரர் ஒருவர் நாளுக்கு இரண்டிலிருந்து நாலு லிட்டர் வரை கிரீன் டீ குடிக்கத் தொடங்கினார். 3.79 ஆக இருந்த ஐ.என்.ஆர். 1.37-க்கு இறங்கியது. டீயை நிறுத்தியதும் ஏறியது. 1999-இல் மருத்துவ இதழில் வந்த பதிவு இது. நாலு லிட்டர் டீயை எப்படித்தான் குடித்தாரோ.

பொடி என்றால் நாலு லிட்டர் தேவையில்லை. இலையே உள்ளே போகிறதால் ஸ்பூன் கணக்கே போதும். நம் பக்கத்தில் கூடவே முருங்கையும் சேர்ந்துகொள்கிறது. அரவக்குறிச்சி, மூலனூர்ப் பக்கமெல்லாம் முருங்கைதான், இப்போது இலையைக் காயவைத்துப் பொடியாக்கி டீ என்றும் விற்கிறார்கள். நல்ல கீரைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் வைட்டமின் கே அதிலும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் முருங்கைக்கீரைப் பொரியல் வழக்கமாகச் சாப்பிடுகிறவர் அதை நிறுத்த வேண்டாம். வழக்கத்தில் இல்லாதவர் திடீரென்று தினமும் இரண்டு ஸ்பூன் பொடி தொடங்கக் கூடாது.

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புது மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைட்டமின் கே கணக்கு பொருந்தாது, ஐ.என்.ஆரும் பார்க்கத் தேவையில்லை. "அப்ப எனக்கும் அதையே குடுத்தா என்னங்?" என்று வால்வு வைத்தவர்கள் கேட்பார்கள். உலோக வால்வுக்கு அவை ஆகாது. ஆகவே பழைய மாத்திரையோடுதான் குடித்தனம்.

ஒல்லியாக்கும் டீ

என் அத்தை சூலூர்ப் பக்கம் இருக்கிறார். இதயம் பலவீனம், காலில் வீக்கம். டிகாக்சினும் ஃபியூரோசமைடு நீர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் யாரோ கொடுத்தார்கள் என்று "ஸ்லிம் டீ" ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். ராத்திரி ஒரு கப், காலையில் இரண்டு மூன்று தடவை வயிற்றால் போகும். எடை குறைகிறது என்று சந்தோஷம் வேறு. மூன்றாவது வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல், ஆளே துவண்டுபோனார். போனில் பேசும்போது, "டியூப் லைட்டெல்லாம் மஞ்சளாத் தெரியுது கண்ணு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கை உதறிவிட்டது. டிகாக்சின் விஷமாகும்போது பார்வை மஞ்சளாகும் என்று படித்திருக்கிறேன், அதுவரை ஒருவர் வாயால் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் மிகக் குறைவு என்றார்கள். டீ அட்டைப்பெட்டியைப் புரட்டினால் கிரீன் டீ பெயருக்குத்தான், பாதி சரக்கு நிலாவரை, கூட அதிமதுரம். நிலாவரை பேதிக்கான இலை. தினமும் பேதியானால் பொட்டாசியம் வெளியேறும். நீர் மாத்திரை ஏற்கெனவே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதிமதுரமும் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பொட்டாசியம் இறங்கினால் அதே அளவு டிகாக்சின் இதயத்தைப் பல மடங்கு அழுத்திப் பிடிக்கும். வெறும் கிரீன் டீ டிகாக்சினைக் குறைக்கும் என்று மேலே சொன்னேன், கலப்பு டீயோ ஆளையே சாய்க்கப் பார்த்தது. அத்தை பிழைத்துக்கொண்டார். நான் மருந்துக்கடை வைத்திருந்தும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கு எதற்கு மருந்துக்கடைக்காரனைக் கேட்க வேண்டும் என்று நினைத்தாராம். நானும் "வேறென்ன சாப்பிடறீங்க அத்தை?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். நிலாவரை, அதிமதுரம், மருதம்பட்டை, எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பதினாலு இலக்க எண்ணோடு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை இருந்தால் அது உணவாகப் பதிவானது என்று அர்த்தம். உங்கள் மாத்திரையோடு ஒத்துப்போகும் என்று அந்த முத்திரை சொல்லவில்லை.

பொட்டாசியம் என்று ஆரம்பித்துவிட்டு இளநீரைச் சொல்லாமல் பொள்ளாச்சிக்காரன் நிறுத்தக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவை உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் மாத்திரைகள். தோப்பில் இருக்கிறதே என்று தினமும் இரண்டு இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டர் காதில் போட்டு வையுங்கள்.

ஒரு நாளை எப்படி அமைப்பது

மேலே சொன்ன ஆபத்தான கூட்டணி எதுவும் உங்களிடம் இல்லை, டாக்டரும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலை எழுந்து மாத்திரையை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் விழுங்குங்கள். பிறகு டிபன். கிரீன் டீயைப் பதினோரு மணிவாக்கில் அல்லது மாலை நாலு மணிவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளர், அதிகம் போனால் இரண்டு. இரவு மாத்திரைக்கு முன்னால் நாலைந்து மணி நேரமாவது டீ வேண்டாம். அசிட்ரோம் பெரும்பாலும் மாலை ஆறு மணி மாத்திரை, அதைத் தண்ணீரில் விழுங்கினால் போதும், ஆனால் தினமும் குடிக்கும் டீயின் அளவு மாறக் கூடாது.

கிரீன் டீயில் காஃபீனும் உண்டு, டம்ளருக்குச் சுமார் 30 மில்லிகிராம். காபியைவிடக் குறைவுதான். படபடப்பு உள்ளவர்கள் ஐந்து டம்ளர் குடித்துவிட்டு "மாத்திரை கேக்க மாட்டேங்குது" என்று வருவார்கள். காஃபீன் நீக்கிய கிரீன் டீ வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், படபடப்புக்கு உதவலாம். மடை அடைப்பது கேட்டச்சின், அது அதிலும் இருக்கும்.

புதிதாக மாத்திரை தொடங்கிய முதல் மாதம் எந்தப் புதுப் பழக்கத்தையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. வாக்கிங் தொடங்குங்கள், உப்பைக் குறையுங்கள், அது வேறு. ஆனால் மாத்திரையும் புதிது, டீயும் புதிது என்றால் எது என்ன செய்தது என்று டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

எப்போது ஓட வேண்டும்? ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலமாகக் கன்றிப்போவது, கறுப்பாக மலம், சிறுநீரில் சிவப்பு என்றால் அன்றைக்கே டாக்டரிடம். கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் கிரீன் டீக் கேப்சூலை நிறுத்திவிட்டு அன்றைக்கே. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணல், கை கால் இழுப்பு என்றால் 108. மருந்தால் ஏதோ பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் அதைப் பதிவு செய்யவும் அரசு வைத்திருக்கும் இலவச எண் உண்டு, 1800-180-3024.

நிறுத்துவதையும் சொல்ல வேண்டும்

இப்போது பெரியவரிடம் வருகிறேன். பச்சைப் பொடிதான் காரணமாக இருக்கும் என்று விளக்கியதும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அவ்வளவுதானுங்களா? இன்னிக்கே தூக்கி அக்கட்டால வீசிப்போடறேனுங்" என்று பையைச் சுருட்டினார்.

நான் அவசரமாக அந்த இரண்டு அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று 2 மில்லிகிராம், பழையது. இன்னொன்று 3 மில்லிகிராம், புதிது, அதில் இரண்டு குழி காலி. ஐ.என்.ஆர். இறங்கியதைப் பார்த்து டாக்டரம்மா அளவைக் கூட்டியிருக்கிறார். பொடி விஷயம் அவருக்குத் தெரியாது. பொடியோடு மல்லுக்கட்டத்தான் அந்தக் கூடுதல் ஒரு மில்லிகிராம். பொடியை வீசிவிட்டு 3 மில்லிகிராமை மட்டும் தொடர்ந்தால், பத்து நாளில் ஐ.என்.ஆர். எங்கேயோ ஏறி, தென்னந்தோப்பில் கால் இடறி விழுந்தால்கூட உள்ளே ரத்தம் கசியும்.

இதை அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தப்பு பண்ணும்போது சொல்லலீன்னா சரி, தப்ப நிறுத்தறதயுமா சொல்லோணும்?" என்றார். கடையிலிருந்தே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் போட்டோம். நர்ஸ் எடுத்து, காத்திருக்கச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்து டாக்டரம்மாவே பேசினார். பொடியை நிறுத்திவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பச் சொன்னார், மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்கச் சொன்னார், கொஞ்சம் திட்டவும் செய்தார். 3 மில்லிகிராம் அட்டையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரண்டும் வீட்டில் கிடந்தால் இருட்டில் கை மாறிப் போகும்.

எல்லாவற்றையும் மஞ்சப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு படி இறங்கினவர், பச்சைக் கவரோடு திரும்ப ஏறி வந்தார்.

"ஏனுந்தம்பி, எண்ணூறு ரூவாயாமா இது. எருமைக்கு வெச்சா ஒண்ணும் ஆகாதுங்களே?"